மெல்லச் சொன்னதால் கேட்காமல் போனது



சில ஆண்டுகளுக்கு முன் என் நான்காம் படிவ வகுப்பில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை. அடர்த்தியான கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்து காட்ட வேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது என்று முதல் நாள்தான் வெண்பலகையில் எழுதிப்போட்டிருந்தேன். அன்று களைப்பு. பேசிக்கொண்டே முகவையில் முதலில் அமிலத்தை அளந்து ஊற்றிவிட்டு, தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்துவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "டீச்சர்... நேத்து வேற மாதிரி எழுதின ஞாபகம்..." என்றாள். குறிப்பேட்டில் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். "நோட்டை அப்புறம் பார்க்கலாம்மா" என்று சொல்லிக் குவளையைச் சாய்க்கப் போனேன். அப்போது பின்னால் இருந்து ஒரு பையன், "டீச்சர், தண்ணிய ஊத்தாதீங்க! அமிலம் உள்ளே இருக்கு!" என்றான். கை நின்றது.

ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடர் கந்தக அமிலம் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி மிக்கது. மேலே ஊற்றும் தண்ணீர் அமிலத்தின்மீது மிதக்கும். இரண்டும் சேரும் இடத்தில் பெரும் வெப்பம் வெளியாகி, தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்து, அமிலத் துளிகளை வாரி இறைக்கும். முன்வரிசை ஒரு மீட்டர் தொலைவுகூட இல்லை.

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி தயங்கித் தயங்கி வந்தாள். "எல்லார் முன்னாலயும் உங்கள தப்புன்னு சொல்ல முடியல டீச்சர்" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் எனக்கு நல்லதுதான் செய்ய நினைத்தாள். என் மானத்தைக் காப்பாற்றப் பார்த்தாள். அவளுடைய அந்த நல்ல மனத்தால் அவள் முகமே வெந்திருக்கக்கூடும்.

இதை ஏன் அறிவியல் பக்கத்தில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். வேலையிடத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை அறிவியலாளர்கள் மிகக் கவனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி பெரிதும் வளர்ந்தது விமானிகளின் அறையில். அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லும் ஒலிப்பதிவில் இருக்கும் அல்லவா?

1982 ஜனவரி 13. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கடும் பனிப்பொழிவு. ஏர் ஃபுளோரிடா 90 என்ற போயிங் 737 விமானம், இறக்கைகளில் பனி நீக்கும் திரவம் தெளிக்கப்பட்ட பிறகும், முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தரையிலேயே காத்திருந்தது. பனி மறுபடியும் படிந்தது. இயந்திரத்தில் பனி உறையாமல் காக்கும் வெப்பமூட்டியையும் விமானிகள் இயக்கவில்லை.

இங்கே கொஞ்சம் இயற்பியல் பார்ப்போம். அந்த விமானத்தில் இயந்திரம் எவ்வளவு உந்துவிசை தருகிறது என்பதைக் காட்ட ஒரு மானி உண்டு. இயந்திரத்தின் பின்பக்கம் வெளியேறும் வளிமத்தின் அழுத்தத்தை, முன்பக்கம் நுழையும் காற்றின் அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதத்தை அது காட்டும். முன்பக்க அழுத்தத்தை அளக்கும் சிறு குழாயைப் பனி அடைத்துக்கொண்டது. அதனால் கீழே உள்ள எண், அதாவது பின்னத்தின் பகுதி, உண்மையைவிடச் சிறியதாகப் பதிவானது. பகுதி சிறுத்தால் பின்னம் என்ன ஆகும்? பெருக்கும். மானி 2.04 என்று காட்டியது. உண்மையில் இயந்திரம் தந்தது 1.70 அளவுதான். கருவி கெட்டுப்போகவில்லை. தனக்குக் கிடைத்த தவறான செய்தியைச் சரியாகக் கணக்கிட்டுச் சொன்னது, அவ்வளவே.

ஓடுபாதையில் விமானத்தை ஓட்டியவர் துணை விமானி. மற்ற மானிகள் காட்டுவது இதனோடு ஒத்துப்போகவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். இது சரியாகப் படவில்லையே என்ற பொருளில் சொன்னார். தலைமை விமானி, சரிதான் என்று சொல்லி வேகத்தைப் படித்தார். துணை விமானி மறுபடியும், சரியென்று தோன்றவில்லை என்றார். உடனே தாமே பின்வாங்கி, ஒருவேளை சரியாகவும் இருக்கலாம் என்றார். சில விநாடிகள் கழித்து, தெரியவில்லை என்றார். விமானம் மேலெழுந்து அரை நிமிடத்தில், ஆற்றுப் பாலம் ஒன்றில் மோதி, உறைந்திருந்த பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும் பாலத்தில் வாகனங்களில் இருந்த 4 பேரும் இறந்தனர்.

புறப்படுவதற்கு முன்பே அவர் பல முறை பனியைப் பற்றிப் பேசியிருந்தார். இன்னொரு விமானத்தில் பனிக்கட்டி தொங்குவதைக் காட்டினார். வெகுநேரம் நின்றுவிட்டோம், இறக்கையை மறுபடி பார்த்துவிடலாம் என்றும் சொன்னார். இதோ புறப்படப் போகிறோம் என்பதுதான் கிடைத்த பதில். ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தைப் படிக்கும்போது எனக்கு என் முன்வரிசை மாணவியின் முகம்தான் நினைவுக்கு வரும். அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் "நிறுத்துங்கள்" என்ற சொல் மட்டும் கடைசி வரை வரவில்லை.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், துணை விமானி எச்சரித்தும் தலைமை விமானி புறப்பாட்டை நிறுத்தாததைக் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது.

சார்லட் லிண்டே என்ற மொழியியலாளர் இப்படிப்பட்ட விபத்துகளின் உரையாடல்களை ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கீழ்நிலையில் இருப்பவர்கள் மேலதிகாரியிடம் பேசும்போது செய்தியை மென்மையாக்கிப் பேசுகிறார்கள் என்றும், அப்படி மென்மையாக்கிய யோசனைகள் அதிகமாகக் கைவிடப்படுகின்றன என்றும் அவர் காட்டினார். ஒரே செய்தியைப் பல படிகளில் சொல்லலாம். "வலப்பக்கம் திருப்பு" என்பது கட்டளை. "நாம் வலப்பக்கம் திரும்ப வேண்டும்" என்பது அதற்கு அடுத்த படி. "திரும்பலாமா?" என்பது கேள்வி. "அந்த மேகம் கருப்பாக இருக்கிறது" என்பது வெறும் குறிப்பு. ஊட்டே ஃபிஷர், ஜூடித் ஓரசானு என்ற இரு ஆய்வாளர்கள், இத்தகைய சூழலைக் கொடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று விமானிகளிடம் கேட்டார்கள். தலைமை விமானிகள் பெரும்பாலும் கட்டளையிட்டார்கள், துணை விமானிகள் பெரும்பாலும் குறிப்புக் காட்டினார்கள். எப்படிச் சொன்னால் பலன் அதிகம் என்று கேட்டபோது, இரண்டையும் விட, "நாம்" என்று தொடங்கிக் காரணத்தோடு சொல்வதைத்தான் விமானிகள் உயர்வாக மதிப்பிட்டார்கள்.

இதில் தமிழ் பேசுகிற நமக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் மரியாதையைக் காட்ட வாக்கியத்தையே வளைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு வினைச்சொல்லின் கடைசியில் ஒரு "ங்க" போதும். என்னைத் தடுத்த அந்தப் பையனின் வாக்கியத்தை மறுபடி பாருங்கள். "டீச்சர், தண்ணிய ஊத்தாதீங்க." "டீச்சர்" இருக்கிறது, "ங்க" இருக்கிறது, செய்தியும் முழுதாக இருக்கிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறார்கள். சரிதான். ஆனால் அவன் பேசியது எதிர்ப்பு இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "நான் உண்மையைத்தானே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டு மனத்தைக் குத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்காது. தொடக்கப்பள்ளியிலேயே உற்றறிதல், ஊகித்தல் என்ற இரண்டையும் பிரித்துப் படித்தீர்கள் அல்லவா? "இந்தப் புட்டியில் பெயர்ச்சீட்டு இல்லை" என்பது உற்றறிதல். "நீ எப்போதுமே பொறுப்பில்லாதவன்" என்பது ஊகம், அதுவும் ஒரே தரவை வைத்துச் செய்த மோசமான ஊகம். தேர்வில் எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன். கண்ணால் கண்டதைச் சொன்னால் கேட்பவர் சரிபார்த்துக்கொள்ளலாம். குணத்தைப் பற்றிச் சொன்னால் சண்டைதான் போடலாம்.

கேட்பவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் இதில் பாதி. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது ஏமி எட்மன்சன், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது கருதுகோள். தரவு நேர்மாறாக வந்தது! நல்ல குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. உங்களில் சிலர் இந்த இடத்தில் தரவைத் திருத்தியிருப்பீர்கள், தெரியும். அவர் யோசித்தார். நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்கின்றனவா, அல்லது அதிகம் வெளியே சொல்கின்றனவா? இந்தக் கணக்குகளை அறியாத ஓர் உதவியாளரை அனுப்பி, ஒவ்வொரு பிரிவிலும் மக்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்கச் செய்தார். சில பிரிவுகளில் தவறைப் பற்றித் தாதியர் வெளிப்படையாகப் பேசினார்கள். சிலவற்றில் திட்டுக்குப் பயந்து மறைத்தார்கள். 1996இல் இது வெளிவந்தது. சொன்னால் அவமானப்படுத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு 1999இல் அவர் எழுதிய கட்டுரையால் உளப் பாதுகாப்பு என்ற பெயர் பரவியது.

ஆகவே, தவறைச் சொன்னவரை நோக்கி முகம் சுளிக்கும் ஒவ்வொரு மேலாளரும், என்னைப் போன்ற ஒவ்வோர் ஆசிரியரும், அடுத்த எச்சரிக்கை தம் காதுக்கு வராமல் தாமே அடைத்துக்கொள்கிறார்கள். பனி அடைத்த அந்தக் குழாய் மாதிரி. மானி நன்றாகத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

விமானத் துறை இதைக் கற்றுக்கொண்டது. 1978இல் யுனைடெட் 173 என்ற விமானம், சக்கரக் கோளாறைப் பார்த்துக்கொண்டே போர்ட்லண்ட் நகரின் மேல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்து, 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதைச் சக ஊழியர்கள் சொல்லாமல் இல்லை, அழுத்திச் சொல்லவில்லை. அதன் பிறகு 1981இல் அந்த நிறுவனம், கீழே இருப்பவர் தெளிவாகச் சொல்லவும் மேலே இருப்பவர் காது கொடுக்கவும் பயிற்சி தொடங்கியது. 1989இல் அதே நிறுவனத்தின் 232ஆம் விமானத்தில் பின் இயந்திரம் சிதறி, திசைதிருப்பும் கருவிகள் அனைத்தும் செயலிழந்தன. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த இன்னொரு விமானியையும் உள்ளே அழைத்து, எல்லோரிடமும் யோசனை கேட்டு, மிஞ்சிய இரு இயந்திரங்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே சூ சிட்டியில் இறக்கினார். 112 பேர் இறந்தாலும், 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். அந்தப் பயிற்சி இல்லாமல் முடிந்திருக்காது என்று அவர் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னார்.

மருத்துவமனைகளில் தாதியருக்கு இப்போது மூன்று படி சொல்லித் தருகிறார்கள். முதலில், எனக்குக் கவலையாக இருக்கிறது. அடுத்து, இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கும் மருத்துவர் நிற்காவிட்டால், இது பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள். மூன்றிலும் யாரையும் குறை சொல்லவில்லை, கவனித்தீர்களா?

உங்களில் பலர் எஸ்.பி.எம். முடிந்ததும் கடைகளிலோ உணவகங்களிலோ சில மாதங்கள் வேலைக்குப் போவீர்கள். என் முன்வரிசை மாணவியும் போனாள், ஒரு மளிகைக் கடைக்கு. பால், தயிர் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பமானி 9 பாகை காட்டியது. 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டியது. மேற்பார்வையாளரிடம், "அண்ணே, இன்னிக்குக் குளிரே இல்லல்ல?" என்றாளாம். அவர் வானிலையைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்து, ஆமாம்மா, வெயில் கொளுத்துது என்றாராம். அன்றிரவு தூக்கம் வரவில்லையாம்.

மறுநாள் காலை போனதும் அவரைக் குளிர்பெட்டிக்கே அழைத்துப் போய், "அண்ணே, இது நேத்துலேருந்து 9 பாகையில இருக்கு. பால் கெட்டா வாங்கிட்டுப் போறவங்களுக்கு வயித்துக்கு ஆகாது. நாம இதை இப்பவே வெளியில எடுத்துரணும்" என்றிருக்கிறாள். அவர் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தார். கதவின் ரப்பர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. "ஏம்மா, இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாராம்.

"சொன்னேன் டீச்சர், ஆனா சொல்லல" என்று என்னிடம் சிரித்தாள்.