கேட்டுக்கு எந்தப் பிரைமர்?

வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மழை குறைவு. அதனால் இரும்பு சீக்கிரம் கெடாது என்று நினைத்துவிடுகிறோம். ஆனாலும் தோட்டத்துக் கேட்டிலும் மோட்டார் ரூம் கதவிலும் பெயிண்ட் உரிந்து துரு எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. குறை பெரும்பாலும் மேலே தெரியும் பெயிண்ட்டில் இல்லை, அடியில் இருக்கும் பிரைமரில்.

பிரைமர் உலோகத்தை இறுகப் பிடிக்க வேண்டும். மேலே வரும் பெயிண்ட்டுக்கும் பிடிப்புத் தர வேண்டும். எல்லா உலோகத்தையும் ஒரே பிரைமர் பிடிக்காது. அதனால் பொருள் எது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

சாதா இரும்பு: வீட்டு கிரில், கேட்டுக்கு ரெட் ஆக்சைடு போதும். உரமூட்டை அடுக்கும் கொட்டகை, எப்போதும் ஈரம் படும் இடம் என்றால் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் நல்லது.

ஜிஐ பைப், தகரம்: அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஜிஐ மேல் இருப்பது துத்தநாகம். சாதாரண ரெட் ஆக்சைடில் உள்ள எண்ணெய்ப் பிசின் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போன்ற பொருளாக மாறும். அப்புறம் பெயிண்ட் ஏடு ஏடாக உரியும். எட்ச் பிரைமர் அல்லது டப்பாவில் ஜிஐக்கு என்று போட்ட பிரைமரையே கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் பொருந்தும்.

இனி தேய்ப்பு. முதலில் தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் பிசுக்கு எல்லா இடமும் பரவும். புது இரும்பின் மேல் இருக்கும் கருநீலத் தோல் பார்க்கப் பளபளப்பாக இருக்கும்; நாளாக ஆக அது பெயர்ந்து, பெயிண்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். வெல்டிங் ஓரத்துக் கசடும் அப்படியே. இவற்றை வயர் பிரஷ், உப்புத்தாள் கொண்டு எடுத்துவிட்டு, தூசி தட்டி, அன்றைக்கே பிரைமர் அடியுங்கள். ஒரு ராத்திரி விட்டாலும் பனி பட்டு மெல்லிய துரு வந்துவிடும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேகமெடுக்கும் மாதங்களில் மதியம் புழுதி பறக்கும். ஈர பிரைமரில் அது ஒட்டிக்கொள்ளும். பனி காய்ந்த பிறகு, காற்று ஏறுமுன் வேலையை முடிப்பது நல்லது. இரும்பு கை வைக்க முடியாத சூட்டில் இருந்தாலும் அடிக்கக் கூடாது.

முனை, மூலை, வெல்டிங் தையல் மூன்றுக்கும் பிரஷ்ஷால் முதலில் ஒரு கோட்டு. கூரான முனையில் பெயிண்ட் மெலிந்துவிடும், துரு தொடங்குவதும் அங்கேதான். பிறகு முழுவதும் மெல்லிசாக இரண்டு கோட்டு. ஒவ்வொன்றுக்கும் டப்பாவில் போட்ட நேரம் காய விடுங்கள். சில பிரைமர்களில் ஜிங்க் குரோமேட் உண்டு. அதன் தூசி புற்றுநோய் தரக்கூடியது. தேய்க்கும்போது மூக்கை மூடும் மாஸ்க் கட்டாயம்.

ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விட்டால் மழையைத் தாங்காது. அதன் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கும். பிரைமரோடு கேட்டை மாதக்கணக்கில் நிறுத்தாமல் எனாமல் அடித்து முடியுங்கள்.

பட்டறையில் கேட் சொல்லும்போதே ஒரு நிபந்தனை வையுங்கள்: ரெட் ஆக்சைடு அடிக்குமுன் நான் வந்து பார்ப்பேன். அடித்த பிறகு அடியில் கசடு இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.