ஈப்போவில் துணி எடுக்கும் பெண்பிள்ளைகளுக்கு

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது." பல துணிக்கடைகளில் கல்லாவுக்குப் பின்னால் இந்த அட்டை தொங்குகிறது. மலாயிலும் இருக்கும்: "பாராங் யாங் டிஜுவால் திடாக் போலே டிகெம்பாலிகான்." சுங்கை சிப்புட்டிலிருந்தோ செம்மோரிலிருந்தோ பஸ் ஏறி வந்து, மெடான் கிட்டில் இறங்கி, ஜாலான் லஹாட்டில் தீபாவளிக்கு ஒரு பஞ்சாபி சூட் எடுத்துப் போகிற பிள்ளை, முதல் சலவையிலேயே சாயம் ஓடி மஞ்சள் துப்பட்டா பச்சையாகிவிட்டால் என்ன செய்கிறாள்? அட்டை நினைவுக்கு வருகிறது. கேட்டால் கடைக்காரர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று கூச்சமும் வருகிறது. "போகட்டும், எண்பது வெள்ளிதானே" என்று அம்மா சொல்ல, துணி அலமாரியின் அடிக்குப் போகிறது.

அந்த எண்பது வெள்ளியைத் திரும்பக் கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. குறையுள்ள பொருளுக்கு அந்த அட்டை செல்லாது.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வியாபாரமாக விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சொன்ன வருணனைக்கும் காட்டிய மாதிரிக்கும் பொருந்த வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்று கடைக்காரரிடம் சொல்லி வாங்கினால், அதற்கு உதவ வேண்டும். இந்த உத்தரவாதங்களைக் கடைக்காரர் அட்டை மாட்டியோ ரசீதில் அச்சடித்தோ நீக்கிவிட முடியாதபடி சட்டத்தின் 6ஆம் பிரிவு தடுக்கிறது. பொருள் தவறினால் சரிசெய்து தரச் சொல்லலாம். அது ஆகாதபோதோ குறை பெரிதாக இருக்கும்போதோ பொருளைத் திருப்பிக் கொடுத்து, பணமோ மாற்றுப் பொருளோ கேட்கலாம்.

எதற்குக் கேட்க முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் போட்டுப் பார்த்தபின் நிறம் பிடிக்கவில்லை, தோழி அதையே எடுத்துவிட்டாள் என்பதற்கெல்லாம் சட்டம் துணை வராது. அங்கே மாற்றித் தருவது கடையின் நல்ல மனசு. குறையை முன்பே சொல்லியோ எழுதி வைத்தோ மலிவாக விற்ற துணிக்கும் அந்தக் குறையைக் காட்டிப் பிறகு கேட்க முடியாது. இரண்டு மாதம் உடுத்திவிட்டுத் திருப்பவும் முடியாது. நியாயமான காலத்துக்குள் போக வேண்டும். துணிக்கு அது சில நாட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறை கண்ட அன்றே படம் எடுத்து, மேற்கொண்டு உடுத்தாமல், துவைக்காமல், மடித்து எடுத்து வையுங்கள்.

ஆகவே "ஈப்போவில் இளம்பெண்கள் எங்கே துணி வாங்கலாம்?" என்று கேட்டால், விலையையும் வடிவத்தையும் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது ஒன்றுதான்: பிரச்சினை வந்தால் திரும்பிப் போய் நிற்க அங்கே ஓர் ஆள் இருப்பாரா?

ஈப்போ பேரேட், கிந்தா சிட்டி இயோன் போன்ற பேரங்காடிகளில் உள்ள பெரிய தொடர்கடைகள் இதில் முன்னே நிற்கின்றன. அச்சிட்ட ரசீது வரும். எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று எழுதியிருக்கும். உடுத்திப் பார்க்க அறை இருக்கும். நாகரிக உடைக்கும் கல்லூரிக்குப் போட்டுப் போகும் உடைக்கும் இவை போதும். ஆனால் சேலையும் லெஹங்காவும் பாவாடை தாவணியும் அங்கே கிடைக்காது. அதற்கு லிட்டில் இந்தியாதான். அங்குள்ள பழைய கடைகளின் பலம் பழக்கம்: பாட்டிக்குக் கல்யாணச் சேலை கொடுத்தவர் பேத்தி வந்து நின்றால் அவ்வளவு எளிதில் விரட்டமாட்டார். பலவீனம் ரசீது. "சேலை 1, வெள்ளி 350" என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அது என்ன சேலை என்று நிறுவ முடியாது. பட்டு என்று சொல்லி விற்றால் "பட்டுச் சேலை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். "சாயம் போகாது" என்று சொன்னால் அதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடைக்காரர் அந்தத் தயக்கத்திலேயே பதில் சொல்லிவிடுகிறார். பொய்யான வருணனையோடு பொருள் விற்பது 2011ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். விலையைப் பொருளின் மேல் காட்டி வைப்பதும் சில்லறைக் கடைக்காரரின் கடமை. ஆளைப் பார்த்து விலை சொல்லும் வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

ஜாலான் டத்தோ தஹ்வில் அஸாரில் இரவில் கடை விரிக்கும் கெர்பாங் மாலாமும், ஊர் ஊராக நகரும் பாசார் மாலாம்களும் வேறு வகை. பதினைந்து வெள்ளிக்கு டி-ஷர்ட் எடுக்க நல்ல இடம். நூறு வெள்ளிக்கு மேல் எடுக்க நல்ல இடமில்லை என்பது என் கருத்து. அடுத்த வாரம் அதே இடத்தில் அதே ஆள் இருப்பார் என்று யாரும் சொல்ல முடியாது. பெயர் பெற்ற சின்னம் பொறித்த பை இருபது வெள்ளிக்குக் கிடைத்தால் அது போலி. வாங்கியபின் புகார் சொன்னாலும் பணம் திரும்ப வருமென்று நம்ப முடியாது. இளையோர் விரும்பிப் போகும் பண்டல் கடைகளின் பழைய துணிக்கும் சட்டம் பொருந்தும். ஆனால் விலைக்கும் பழமைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்கலாம். அங்கே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

தையல்காரர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தீபாவளி நெருங்கும்போது நம் பெண்களின் கண்ணீரில் பாதி அங்கேதான் சிந்துகிறது. துணி நம்முடையது, வேலை அவருடையது. ஆகவே சட்டத்தின் கண்ணில் இது சேவை. சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதே 1999ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நாள் குறித்துக்கொண்டால் அந்த நாளே கணக்கு. "தீபாவளிக்குள்ள தந்துடுறேம்மா" என்ற வாய்ச்சொல் போதாது. தேதி ரசீதில் ஏற வேண்டும், கட்டிய முன்பணமும் ஏற வேண்டும். இருநூறு வெள்ளித் துணியைத் தவறாக வெட்டிவிட்டு, "கூலி வேண்டாம், விடும்மா" என்று சொன்னால் கணக்கு தீர்ந்துவிடாது. கெட்டுப்போன துணியின் மதிப்பையும் கேட்கலாம். வேறு இடத்தில் சரிசெய்ய ஆன செலவையும் கேட்கலாம். கொடுக்கும்போதே துணியையும் அதன் விலைச்சீட்டையும் ஒரு படம் எடுத்து வைத்தால், பிறகு "நீ கொடுத்ததே இப்படித்தான்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

அளவு எடுப்பது பற்றி அம்மாமார் பேசத் தயங்குகிறார்கள், பேச வேண்டும். நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிடலாம். பெண் ஒருவர்தான் அளவு எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். கூட ஒருவர் நிற்கலாம். தேவையில்லாத இடத்தில் கை போனால் அது தொழில் இல்லை, தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவில் வரும் மானபங்கம். அதற்குச் சிறை உண்டு.

உடை மாற்றும் அறையும் அப்படித்தான். கதவு தாழ்ப்பாள், மேலே கீழே உள்ள இடைவெளி, கண்ணாடிக்கு அருகில் தேவையில்லாமல் மாட்டியிருக்கும் கொக்கி, சிறு பெட்டி ஆகியவற்றை ஒரு நொடி பாருங்கள். ஒளித்து வைத்த கைப்பேசியோ கேமராவோ கண்ணில் பட்டால் அதைக் கழற்றாதீர்கள், கடைக்காரரிடம் ஒப்படைக்கவும் செய்யாதீர்கள். இருக்கும் இடத்தில் வைத்தே படம் எடுத்து, போலீசை அழையுங்கள். பெண்ணின் தனிமையில் இப்படி நுழைவது தண்டனைச் சட்டம் 509இன்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கடைப் பணியாளர் ஆபாசமாகப் பேசுவது, பில்லில் இருந்த நம்பரை எடுத்து இரவில் வாட்ஸ்அப் அனுப்பித் தொல்லை கொடுப்பது போன்றவற்றுக்கு 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. அதன் தீர்ப்பாயம் 2024 மார்ச்சில் செயல்படத் தொடங்கியது. 250,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க அதற்கு அதிகாரம் உண்டு. வீட்டில் சொல்லவே பயமாக இருக்கும் பிள்ளை தாலியான் காசே உதவி எண் 15999க்கு அழைக்கலாம்.

இன்னொரு அவமானமும் நடக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து கடைக்குள் போனால் பின்னாலேயே ஆள் வருவது, வாசலில் பையைத் திறக்கச் சொல்வது, உள்ளே அழைத்துப்போய்ச் சோதிப்பது. திருட்டுச் சந்தேகம் என்றால் கடை செய்ய வேண்டியது போலீசை அழைப்பது. உடையைக் களையச் சொல்லவோ உடம்பைத் தடவிப் பார்க்கவோ கடை ஊழியருக்கு உரிமை இல்லை. போலீஸ் சோதித்தாலும் பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். குரலை உயர்த்தாமல், "போலீசைக் கூப்பிடுங்கள், அம்மா வரட்டும்" என்று சொல்லி, எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.

நம் பாட்டிமார் காலத்தில் துணிக்காரர் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கே வந்தார். சேலையைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்பார். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து மக்கள் தாமான்களுக்குக் குடிவந்த பிறகும் அந்த மூட்டை வீடு தேடி வருகிறது. இப்போது கைப்பேசிக்குள் வருகிறது. டிக்டாக் நேரலையில் அக்கா ஒருவர் சேலையை விரித்துக் காட்டுகிறார். "இப்ப வாங்கு, பிறகு கட்டு" வசதி மூன்று தவணையாகப் பிரித்துத் தருகிறது. வட்டி இல்லை என்பார்கள். ஒரு தவணை தவறினால் அபராதம் ஏறும். 18 வயது நிறையாதவர் செய்யும் கடன் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது, அதனால்தான் பிள்ளைகள் அம்மாவின் அடையாள அட்டையை எடுத்துப் பதிவு செய்கிறார்கள். அப்போது பதிவில் கடனாளி அம்மாதான், அவருக்குத் தெரியாமலே. இத்தகைய கடன்களைக் கண்காணிக்க நாடாளுமன்றம் 2025இல் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தாலும் தவணை தவணைதான்.

இணையத்தில் வாங்குவதென்றால் ஷோப்பி, லசாடா போன்ற தளத்துக்குள்ளேயே பணம் கட்டுங்கள். பொருள் கைக்கு வந்து நீங்கள் ஏற்றுக்கொள்ளும் வரை தளம் பணத்தைப் பிடித்து வைக்கும். "வாட்ஸ்அப்புக்கு வாம்மா, பத்து வெள்ளி குறைச்சுத் தர்றேன்" என்று விற்பவர் அழைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது, முகவரி ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்கி நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். தனி ஆள் ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அனுப்பும் முன் போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். இணையத்தில் விற்பவர் தம் பெயர், வணிகப் பதிவு எண், முகவரி, தொடர்பு எண், முழு விலை ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது நடப்பில் உள்ள விதி. இவை இல்லாத பக்கத்தில் எவ்வளவு அழகான லெஹங்கா இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். சென்னை தி.நகர்க் கடையிலிருந்து இன்ஸ்டாகிராம் வழி வரவழைக்கும் பழக்கமும் பெருகியிருக்கிறது. துணி தப்பாக வந்தால் இங்குள்ள தீர்ப்பை அங்கே நிறைவேற்ற வைப்பது மிகக் கடினம். தொலைந்தாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மட்டும் அப்படி வாங்குங்கள். பணம் போய்விட்டது, ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே 997க்கு அழையுங்கள். அது தேசிய மோசடி உதவி மையம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கிகளைக் கொண்டு முடக்கப் பார்ப்பார்கள். மறுநாள் அழைத்தால் பயன் குறைவு. பிறகு போலீஸ் புகார்.

குறையுள்ள துணிக்குத் தீர்வு தேடும் வழி அப்படி அவசரமானதில்லை. முதலில் துணியோடும் ரசீதோடும் கடைக்குப் போங்கள். "அண்ணே, சாயம் போயிடுச்சு, மாத்திக் கொடுங்க, இல்லேன்னா காசைக் கொடுங்க" என்று நேராகக் கேளுங்கள். மறுத்தால் அதே கோரிக்கையை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ஏழு நாள் கெடு கொடுங்கள். எழுத்தில் இருப்பதுதான் பிறகு பேசும். அதற்கும் மசியாவிட்டால் இரண்டு கதவுகள் உண்டு. விலை காட்டாதது, பொய் விளம்பரம், போலிப் பொருள் போன்ற குற்றங்களுக்கு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில், அதாவது கேபிடிஎன்னில், 1-800-886-800 என்ற எண் வழி புகார் செய்யலாம். உங்கள் பணம் உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம், மலாயில் திரிபுனால் துந்துத்தான் பெங்குனா.

தீர்ப்பாயம் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அங்கே வாதாட அவர்களுக்கு அனுமதியும் இல்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் கொண்டுபோகலாம். போராங் 1 என்ற படிவத்தை நேரிலும் இணையத்திலும் தாக்கல் செய்யலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்காக அம்மாவோ அப்பாவோ பிரதிநிதியாக நிற்கலாம். விசாரணை தொடங்கிய 60 நாட்களுக்குள் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. தீர்ப்பை 14 நாட்களுக்குள் கடைக்காரர் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு. எண்பது வெள்ளிக்கும் இந்தக் கதவு திறக்கும். போகும் நாளில் முழங்காலை மறைக்கும் உடை உடுத்திப் போங்கள், அரசு அலுவலகங்களில் அதைப் பார்க்கிறார்கள். துணி, ரசீது, படங்கள், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் படி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால், 1969 முதல் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குத் தமிழிலேயே எழுதி ஆலோசனை கேட்கலாம். பேராக்கிலிருந்து போகும் கடிதத்துக்கும் அங்கே இடமுண்டு.