தறிக்கு உரியவர்



மருதமுனை மாணவன் ஒருவன் ஒருநாள் புதுச் சாறனின் உறையொன்றைக் கொண்டுவந்தான். அதில் அச்சிட்டிருந்த 'ஃபேப்ரிக்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் காட்டி, "சேர், துணிக்கு இந்தப் பேர் எப்படி வந்தது?" என்று கேட்டான்.

"வாப்பா என்ன தொழில் செய்கிறார், தம்பி?" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா தறிதான், சேர்" என்றான்.

அந்தச் 'சும்மா' என்னை வருத்தியது. அவன் கேட்ட சொல்லின் வரலாற்றிலேயே அதற்கு மறுமொழி இருக்கிறது.

இலத்தீன் மொழியில் 'ஃபபெர்' என்றால் கைவினைஞன். மரம், கல், உலோகம் ஆகிய கடினப் பொருள்களில் வேலை செய்பவனை அச்சொல் குறிக்கும். எழுவாயாக நிற்கும்போது 'ஃபபெர்'. 'ஃபபெருடைய' என்று சொல்ல வேண்டின் இடையிலுள்ள எகரம் கெட்டு 'ஃபப்ரி' என்றாகும். நம் 'மரம்' வேற்றுமை உருபை ஏற்கும்போது மகரம் கெட்டு, அத்துச் சாரியை பெற்று, 'மரத்தை' என்றாவதை இதனோடு ஒப்பிடலாம்.

ஃபபெர் இன்ன தொழிலினன் என்று காட்ட அடைமொழி சேர்ப்பர். 'ஃபபெர் திக்னாரியுஸ்' மரத்தச்சன். 'ஃபபெர் ஃபெர்ராரியுஸ்' கருங்கொல்லன். தமிழில் அடைமொழி முன்னே வரும். இலத்தீனில் இங்கே பின்னே வருகிறது. அங்கே அடைமொழியும் பெயரோடு சேர்ந்து வேற்றுமைக்கேற்பத் திரியும். தமிழிலோ பெயர் மட்டுமே உருபேற்கும்.

ஃபபெரின் பட்டறை 'ஃபப்ரிக்கா'. அச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து 'ஃபேப்ரிக்' ஆயிற்று. முதலிற் கட்டடத்தையும், பின்னர் செய்யப்பட்ட பொருளையும், 18ஆம் நூற்றாண்டில் துணியையும் குறித்தது. ஆக, துணியின் பெயருக்குள்ளே ஒரு தொழிலாளி மறைந்திருக்கிறான்.

நெசவு செய்பவனுக்கு இலத்தீனில் வேறு பெயர் உண்டு: 'தெக்ஸ்தொர்'. 'தெக்ஸெரே' என்றால் நெய்தல்; 'தொர்' செய்பவனைக் காட்டும் விகுதி. பனுவலைக் குறிக்கும் ஆங்கில 'டெக்ஸ்ட்' பிறந்ததும் அதே வினையடியிலிருந்துதான். நமக்கு இது புதிதன்று. இழையும் நூல், ஏடும் நூல். நன்னூலின் பாயிரமே நூலியற்றும் புலவனைப் பஞ்சை இழையாக நூற்கும் பெண்ணுக்கு ஒப்பிடுகிறது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். 'நெய்' என்னும் வினையடியாகப் பிறந்தது நெசவு. அதனோடு சேர்ந்த 'ஆளர்' என்பது 'ஆள்' என்பதிலிருந்து வந்தது. நெசவாளர் என்றால் நெசவை ஆள்பவர். இதில் 'சும்மா'வுக்கு இடமேது?

தொல்காப்பியம் உயர்திணைப் பெயர்களை வகுக்கும்போது குடிப்பெயர் வேறு, வினைப்பெயர் வேறு என்று தனித்தனியே எண்ணுகிறது. ஒருவர் எக்குடியிற் பிறந்தார் என்பது ஒன்று. அவர் என்ன செய்கிறார் என்பது மற்றொன்று. தொழிலைப் பிறப்போடு முடிச்சிட்டு, உயர்வு தாழ்வு கற்பித்துப் பார்ப்பது நம் பழக்கமேயன்றி இலக்கணத்தின் விதியன்று.

இவற்றையெல்லாம் வகுப்பிற் சொல்லி முடித்தேன். மறுநாள் அவனுடைய கட்டுரைக் கொப்பியைத் திருத்தினேன். 'என் குடும்பம்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரியிலேயே எழுதியிருந்தான்: என் வாப்பா ஒரு நெசவாளர்.

அந்த வரியில் எனக்குத் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை.