பழைய குக்ரியும் புதிய குக்ரியும்



கடையடைத்து நாம் வீட்டுக்குப் போன பிறகு இரவெல்லாம் விசில் ஊதித் தடி தட்டிக் கடைவீதியைக் காத்த நேபாளத்துக் கூர்க்காக்களை வியாபாரிகள் மறக்க முடியாது. நம் வீதியில் பல வருஷம் காவல் இருந்த ஒருவர் வயதாகி ஊருக்குப் புறப்பட்டபோது, கடைக்காரர்கள் பணம் போட்டு அவருக்குப் புதிய குக்ரிக் கத்தி ஒன்று பரிசளிக்க முடிவு செய்தோம். வாங்கும் பொறுப்பு நம்மிடம் விடப்பட்டது. பித்தளைப் பூவேலையும் பளபளப்பும் நல்ல கனமுமாக ஒன்றை வாங்கினோம்.

அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் முதலாளி. வீட்டுச் சுவரில் மாட்டிவைப்பேன்" என்றார். "சுவரில் எதற்கு?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கிவிட்டு, தம் தாத்தா காலத்துக் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்து, இரண்டையும் நம் கடை மேஜையில் வைத்துக் காட்டினார். அன்று அவர் சொன்னதையும், பின்பு நாம் விசாரித்து அறிந்ததையும் இங்கே தருகிறோம்.

குக்ரி என்பது

நேபாளத்தார் இதைக் குகுரி என்பார்கள். போர்க்கருவி என்றே நாம் நினைக்கிறோம். அங்கே அது முதலில் வீட்டுச் சாமான். விறகு பிளக்க, கிளை வெட்ட, இறைச்சி நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கிழக்கு நேபாளத்துப் போஜ்பூர் இதற்குப் பேர்போன ஊர். காமி எனப்படும் கொல்லர் வகுப்பார் பரம்பரையாக அடிக்கிறார்கள். உறையிலேயே இரண்டு சிறு கத்திகளும் இருக்கும். கர்தா சில்லறை வேலைக்கு. மழுங்கலான சக்மக் கூரைச் சீராக்கவும், சிக்கிமுக்கிக் கல்லில் தட்டி நெருப்பு எடுக்கவும்.

எடை

பழைய கத்தியின் முதுகு, பிடியருகிலும் வளைவிலும் தடித்து, நுனிக்குப் போகப் போக மெலிந்திருந்தது. பக்கங்களைக் குழிவாக இழைத்து வேண்டாத இரும்பை எடுத்திருந்தார்கள். ஆகவே கை வலிக்காது. வீசும்போது பாரம் வளைவுக்குப் போய் வெட்டு ஆழமாக விழும். நாம் வாங்கியது முழுக்க ஒரே தடிமன். கனம் இருந்தது, அந்தக் கனம் வெட்டுக்கு உதவாமல் மணிக்கட்டுக்குத்தான் பாரம்.

பதம்

முக்கியமான வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது. நல்ல குக்ரியைப் பழுக்கக் காய்ச்சி, கெண்டியிலிருந்து கூர்ப்பக்கத்தில் மட்டும் தண்ணீரை ஊற்றுவார்கள். கூர் கடினமாகும், முதுகு மிருதுவாகவே நிற்கும். அதனால் கூரும் மழுங்காது, ஓங்கி வெட்டினாலும் அலகு ஒடியாது. அலங்காரக் கத்திகள் பலவற்றில் இந்தப் பதமே ஏற்றுவதில்லை. அவர் ஒரு அரம் கேட்டார். பழைய கத்தியின் கூரில் அரம் வழுக்கிற்று, முதுகில் பிடித்தது. புதியதில் எங்கே வைத்தாலும் இரும்புத் தூள் உதிர்ந்தது.

பிடி

பழைய முறையில் அலகின் வால் மெலிந்து, எருமைக்கொம்பு அல்லது மரப் பிடிக்குள் நுழைந்து, அரக்குப் போன்ற பிசினால் இறுகி, அடியில் பித்தளைத் தகட்டின்மேல் தட்டி மடக்கப்பட்டிருக்கும். ஆடினால் சூடுகாட்டி மறுபடி இறுக்கலாம். புதியவை பலவற்றில் வால் பிடியளவு அகலமாக இருக்கும். இருபுறமும் மரம் வைத்து ஆணி அடித்திருப்பார்கள். முரட்டு வேலைக்கு இது உறுதியானது.

புதியதெல்லாம் மட்டமா?

அப்படிச் சொன்னால் அநியாயம். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துப் பதமேற்றி இன்றும் முதல்தரமான குக்ரிகள் செய்கிறார்கள். பழையதெல்லாம் தங்கமும் அல்ல. துருப்பிடித்தது, வெடிப்பு விட்டது உண்டு. காட்மாண்டு ஆயுதக் கிடங்கில் தலைமுறைக் கணக்கில் கிடந்த பழைய குக்ரிகள் 2003-ஆம் ஆண்டு அமெரிக்க வியாபாரிகளுக்கு மொத்தமாக விலைபோயின. பழசுக்கு அப்படி மவுசு இருக்கிறதென்று புதியதைக் கறுக்கவைத்துப் பழசு என்று விற்பாரும் உண்டு. ஆகவே பார்க்க வேண்டியது வயதை அல்ல, வேலைக்குச் செய்ததா பார்வைக்குச் செய்ததா என்பதை.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டு, விவசாய உபயோகத்துக்கென்று செய்யப்படாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் நம் நாட்டு ஆயுத விதிகளில் வருகின்றன. குக்ரியைப் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். விசாரிக்காமல் சரக்கு எடுக்க வேண்டாம்.

மிளகைக் கடித்துப் பார்த்து, பருப்பை அள்ளி முகர்ந்து பார்த்துக் கொள்முதல் செய்யும் நாம், கத்தியை மட்டும் மினுக்கைப் பார்த்து வாங்கினோம். அதுவும் அடுத்தவர் பணத்தில். "வேறு நல்லதாக வாங்கித் தருகிறோம்" என்றதற்கு அவர் தலையசைத்து, "கத்தி இருக்கிறது முதலாளி, உறைதான் கிழிந்துபோச்சு" என்றார். மறுநாளே தோல் வேலைக்காரரிடம் கொடுத்துப் புது உறை தைத்துக் கொடுத்தோம். பழைய கத்தியை அதில் செருகிக்கொண்டு ரயிலேறினார்.

பூவேலைக் கத்தியை நம்மிடமே விட்டுப் போனார். அதற்கான தொகையை வீதிக் கணக்கில் திருப்பிக் கட்டிவிட்டோம். கத்தி நம் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. பளபளக்கும் சாம்பிளோடு யாராவது சரக்கு விற்க வந்தால், ஒரு முறை அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறோம்.