குதிரையுடன் முழுக்கவனப் பயிற்சி

குதிரையுடன் முழுக்கவனப் பயிற்சி என்பது, குதிரையின் அருகில் இருந்து அதன் அசைவுகளையும் தன் மூச்சு, தசை இறுக்கம், எண்ணங்கள் ஆகியவற்றையும் நல்லது கெட்டது என்று தீர்ப்பிடாமல் கவனித்து, மன அமைதி பெற முயலும் பயிற்சியாகும். இதற்குக் குதிரை ஏற்றம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தரையில் நின்றபடியே செய்யப்படுகிறது. முழுக்கவனத்தின் வேர் பௌத்த தியான மரபில் உள்ளது. 1979-இல் ஜான் கபாட்-சின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அதை மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியாக அறிமுகப்படுத்தினார்.

குதிரை ஏன்?

குதிரை கூட்டமாக வாழும் மேய்ச்சல் விலங்கு. ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து ஓடுவதே அதன் முதன்மையான தற்காப்பு. பக்கவாட்டில் அமைந்த கண்களால் அது ஏறத்தாழ 350 பாகை வரை பார்க்கும். காதுகள் தனித்தனியே திரும்பும். எனவே அருகில் நிற்பவரின் சிறு அசைவையும் அது கவனிக்கிறது.

ஆய்வுகள் காட்டுவது

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குகளுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லிப் புகழ்பெற்றது. உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்து 1907-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாதபோது ஹான்ஸும் தவறியது. சரியான எண் வந்ததும் கேட்பவர் தம்மையறியாமல் தலையைச் சற்று அசைத்தார். அதைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியது.

2009-இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்றில், குதிரையை நடத்திச் சென்றவர்களிடம் அடுத்த முறை கடக்கும்போது ஒரு குடை திடீரென விரிக்கப்படும் என்று கூறப்பட்டது. குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் மனிதர், குதிரை இரண்டின் இதயத் துடிப்பும் கூடியது. குடையைப் பற்றிக் குதிரைக்கு எதுவும் தெரியாது; அருகிலிருந்தவரின் பதற்றமே அதை எட்டியது.

பயிற்சி முறை

1. பயிற்சியாளரின் மேற்பார்வையில், குதிரையின் தோள்பட்டைப் பக்கமாக மெதுவாக அணுக வேண்டும். நேர் பின்புறம் அதன் பார்வைக்கு எட்டாது. அங்கு நிற்பது ஆபத்து.
2. சற்று விலகி நின்று, பாதங்கள் தரையில் பதிவதை உணர வேண்டும்.
3. குதிரையின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தபடி தன் மூச்சைக் கவனிக்க வேண்டும். ஓய்விலிருக்கும் வளர்ந்த குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும்.
4. மனம் வேறெங்கோ சென்றால், அதை உணர்ந்து மீண்டும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும்.
5. தாழ்ந்த தலை, தளர்ந்த காதுகள், ஒரு பின்னங்காலை மடக்கி நிற்றல் ஆகியவை குதிரை இளைப்பாறுவதைக் குறிக்கும். காதுகளைப் பின்னோக்கி ஒட்டவைத்தால் விலகிவிட வேண்டும்.

வரம்புகள்

குதிரை விலகிச் சென்றால் அது மனிதரின் மனநிலை மீதான தீர்ப்பு அல்ல. ஈ, பசி, வேறொரு குதிரையின் கனைப்பு என எதுவும் காரணமாகலாம். இத்துறை ஆய்வுகள் பலவும் சிறு குழுக்களில் நடந்தவை. எனவே இப்பயிற்சி மனநல மருத்துவத்துக்கு மாற்றாகாது. மேலும், மனிதரின் பதற்றம் குதிரையையும் பாதிக்கும் என்பதால், விலகிச் செல்ல அதற்கு இடமும், பயிற்சிகளுக்கு இடையே ஓய்வும் தருவது அவசியம்.