வான்கோழி: பழிச்சொல்லும் பயனும்

வான்கோழி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது சிறு வயதிற் கற்ற மூதுரை வெண்பாவேயாகும். மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயன்ற வான்கோழியை, கல்லாதவன் கவி சொல்லப் புகுவதற்கு உவமையாக ஒளவையார் அங்கே காட்டுகிறார். வகுப்பிலே இதனைக் கற்பிக்கும்பொழுது மாணவர் சிரிப்பர். நாமும் உடன் சிரித்ததுண்டு.

ஆனால் உயிரியல் நூலைப் புரட்டினால் ஓர் ஐயம் எழுகின்றது. இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவையின் தாயகம் வட அமெரிக்கா. அங்கே இயற்கையில் மயில் இல்லை. மயிலையே காணாத நாட்டிற் பிறந்த பறவை, மயிலைப் பார்த்து ஆடக் கற்றது எங்ஙனம்? மூதுரை, கொலம்பஸ் கடல் கடந்த 1492ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நூலாயின், அதிலே சுட்டப்பட்டது வேறொரு பறவையாகவே இருத்தல் வேண்டும். ஒருவருக்கு உரிய பழி, பெயர் ஒற்றுமையால் இன்னொருவர் தலையில் ஏறியது போலும்!

இந்தப் பறவையின் இறைச்சியையே, கொழுப்புக் குறைந்த நல்லுணவு என்று இன்று பலரும் போற்றுகின்றனர். அப்புகழ் எவ்வளவு உண்மை? இறைச்சியின் குணத்தை அறிய வேண்டின், முதலிற் பறவையின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

ஊர் ஒன்று, பெயர் பல

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னரே மெக்ஸிக்கோப் பகுதி மக்கள் வான்கோழியை வீட்டுப் பறவையாக்கி வளர்த்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு சென்ற ஸ்பானியர் அதனைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தனர். நம் வீட்டுக் கறிச்சட்டியை ஆளும் மிளகாயும் அவ்வமெரிக்க மண்ணிலிருந்து கடல் கடந்து வந்ததே. மெக்ஸிக்கோவில் இன்றும் மிளகாயையும் கொக்கோவையும் சேர்த்து அரைத்த குழம்பிலே வான்கோழியைச் சமைப்பது விருந்துக்கு உரிய சிறப்பாகும்.

புதிய பறவைக்குப் பெயர் வைப்பதில் உலகம் பட்ட பாடு நகைப்புக்கு உரியது. துருக்கி வணிகர் வழியாக வந்த கினிக்கோழியோடு இதனையும் மயங்கிய ஆங்கிலேயர் ‘ரேக்கி’ என்றனர். துருக்கியரோ இதனை ‘ஹிந்தி’ என்கின்றனர். பிரெஞ்சு மொழிப் பெயரும் இந்தியாவிலிருந்து வந்தது என்றே பொருள்படும். போர்த்துக்கேயர் ‘பெரு’ என்றனர். ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டைக் கோழி என்னும் பொருளில் ‘கல்கூன்’ என்றனர். அந்த ஒல்லாந்தச் சொல்லே நம் நாட்டிலும் தங்கி, சிங்கள மொழியில் ‘களுகும்’ என வழங்குகின்றது. இத்தனை பெயர்களுள் ஒன்றேனும் அதன் சொந்த ஊரைச் சொல்லவில்லை!

1612ஆம் ஆண்டில், கோவாவிலிருந்து வந்த ஒரு வான்கோழியைக் கண்ட முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், அதன் தலையும் கழுத்தும் பச்சோந்தி போல நிறம் மாறுவதைத் தம் நினைவுக் குறிப்பிலே வியந்து எழுதினார். அரசவை ஓவியர் மன்சூர் தீட்டிய அப்பறவையின் படம் இன்று இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் உள்ளது. கோபமும் காதலும் கொள்ளும்போது அதன் மயிரற்ற தலையின் தோலிலே சிவப்பும் வெண்மையும் நீலமும் மாறி மாறித் தோன்றும். இதனாலேயே யப்பானியர் இதனை ‘ஏழுமுகப் பறவை’ என்கின்றனர். சேவல் வாலை விசிறிபோல் விரித்து நடப்பது பேட்டைக் கவர்வதற்கே. அது எவரிடமும் இரவல் வாங்கிய ஆட்டமன்று.

வெண்மையும் கருமையும்

வான்கோழி இறைச்சி இரு நிறம் உடையது. மார்பு இறைச்சி வெளிறியது. கால், தொடை இறைச்சி கருஞ்சிவப்பானது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பறவையின் நடையே. காட்டு வான்கோழி பகல் முழுவதும் தரையில் நடந்து இரை தேடுவது. நெடுநேரம் உழைக்கும் கால் தசைக்கு இடையறாது பிராணவாயு வேண்டும். அதனைச் சேமித்து வைப்பது மயோகுளோபின் என்னும் இரும்பு கலந்த புரதம். அதன் நிறமே சிவப்பு. மார்புத் தசையோ ஆபத்து வந்தபோது திடீரென எழுந்து சிறிது தூரம் பறப்பதற்கே பயன்படுவது. எனவே அதிலே மயோகுளோபின் குறைவு, நிறமும் வெளிறியது.

இனிச் சத்துக் கணக்கைப் பார்ப்போம். தோல் நீக்கி வாட்டிய மார்பு இறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம் புரதமும் 2 கிராம் கொழுப்பும் உள்ளன. அது தரும் சக்தி 150 கலோரி அளவினது. அவ்வாறே சமைத்த கால் இறைச்சியிற் புரதம் 28 கிராம், கொழுப்பு 6 கிராம், சக்தி 170 கலோரி அளவின. ஆனால் இரும்பும் துத்தநாகமும் மார்பைவிடக் காலில் ஏறத்தாழ இரு மடங்கு. விற்றமின் பி12உம் அங்கேயே மிகுதி. நயாசின் என்னும் பி வகை விற்றமினில் மட்டும் மார்பு முந்தி நிற்கின்றது.

இதிலிருந்து குடும்பத்தார் அறிய வேண்டியது யாது? உடற்பருமனையும் கொழுப்பையும் குறைக்க வேண்டியவருக்கு மார்பு ஏற்றது. வளரும் பிள்ளைகளுக்கும், இரத்தச் சோகைக்கு எளிதில் ஆளாகும் இளம் பெண்களுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும் காலும் தொடையுமே கூடிய பயன் தருவன. வெண்மையே மேன்மை என்று எண்ணிக் காலை ஒதுக்குவது, இரும்பை ஒதுக்குவதாகும். புலால் உண்ணாதார் பருப்பு, பயறு, கீரை, பால் ஆகியவற்றிலே இச்சத்துக்களைத் தேடிக்கொள்ளலாம்.

வான்கோழி உண்டால் உறக்கம் வரும் என்பர் சிலர். அதிலுள்ள திரிப்தோபன் என்னும் அமினோ அமிலத்தைக் காரணமாகவும் காட்டுவர். ஆனால் கோழி இறைச்சியிலும் அது ஏறக்குறைய அவ்வளவே உண்டு. விருந்துக்குப் பின் வரும் உறக்கத்துக்கு, வயிறு நிரம்ப உண்டதே பெருங் காரணம்.

அடுக்களையில்

நத்தார் காலத்தில் உறைந்த வான்கோழியை வாங்குவோர் அதனை வெளியே வைத்து உருக விடலாகாது. குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலே, இரண்டு கிலோகிராமுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உருக வைத்தல் வேண்டும். பச்சை இறைச்சியின் நீர் மரக்கறியிலோ சோற்றிலோ படலாகாது; சல்மொனெல்லா முதலிய பற்றீரியாக்கள் அதன் வழியே பரவும். முழுப் பறவையாக வாட்டும்போது, தொடையின் மிகத் தடித்த இடத்திலும் வெப்பம் 74 பாகை செல்சியசை எட்டுதல் வேண்டும். நெடுநேரம் கொதிக்கும் கறிக்குக் கால் இறைச்சியே பொருத்தம். மார்பு அதிலே உலர்ந்து சக்கையாகிவிடும். கட்டித் தேங்காய்ப்பால் விட்டு, எண்ணெயிலும் பொரித்தெடுத்தால், கொழுப்புக் குறைவு என்ற பெருமை சட்டியிலேயே தீர்ந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

வீட்டில் வான்கோழி வளர்க்க விரும்புவோருக்கும் ஒரு சொல். முட்டை பொரிக்க 28 நாள் செல்லும். கோழிக்கு 21 நாளே. கோழியோடு ஒரே முற்றத்தில் இதனை வளர்த்தல் நன்றன்று. கோழியின் குடற்புழு முட்டை வழியாகப் பரவும் ஒருவகை நோய் கோழியை அதிகம் வருத்தாது. வான்கோழியையோ கூட்டமாக மாய்த்துவிடும்.

பறவைக்கு நேர்ந்தது

வெள்ளை மார்புக்கு இருந்த விருப்பம் பறவையின் உடலையே மாற்றிவிட்டது. இன்று பெரும் பண்ணைகளில் வளர்வது அகன்ற மார்பும் வெண்ணிற இறகும் உடைய இனம். காட்டுப் பறவை வேகமாக ஓடும். இரவிலே மரத்தில் ஏறி உறங்கும். பண்ணைச் சேவலோ தன் பாரத்தாற் பறக்க இயலாதது. பேட்டோடு இயல்பாகக் கூடவும் இயலாதது. செயற்கை முறைக் கருவூட்டல் இன்றேல் அவ்வினம் ஒரு தலைமுறையோடு அற்றுப்போகும்.

காட்டிலிருந்த உறவினமும் பிழைத்தது அரிதாகவே. வேட்டையாலும் காடழிப்பாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது அடியோடு மறைந்துவிட்டது. பண்ணையிற் பொரித்த குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டனர், அவை நிலைக்கவில்லை. எதை உண்பது, எதற்கு அஞ்சுவது என்று காட்டித்தர அவற்றுக்குத் தாய் இருந்ததில்லை. பின்னர் எஞ்சிய காட்டுப் பறவைகளையே வலையிற் பிடித்து, அவை மறைந்துபோன காடுகளிற் கொண்டுபோய் விட்டனர். அவை தழைத்தன. இன்று பல பத்து இலட்சமாகப் பெருகியும் உள்ளன.

வான்கோழியைக் கல்லாமைக்கு உவமையாகக் கற்றோம். ஆனால் தாயிடம் கற்ற பறவை வாழ்ந்தது, கற்கும் வாய்ப்பைப் பெறாத பறவை மாய்ந்தது என்பதே அதன் உண்மை வரலாறு. அடுத்த முறை மூதுரையைப் படிக்கும் மாணவர் இதனையும் சேர்த்துப் படிப்பாராக. நத்தார் மேசையில் அதனை உண்போர், தட்டின் ஓரத்தில் ஒதுக்கிய கால் இறைச்சியை மகளின் பக்கம் நகர்த்துவாராக.