சர்க்கரை போடாத காப்பியின் சர்க்கரை

காலை ஆறே முக்கால். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு முந்தைய டோக்கன் ஒரு பெரியவருடையது. சட்டைக் கையை மடித்துவிட்டு ஊசிக்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வெறும் வயிறுதானே ஐயா?" என்றாள் ரத்தம் எடுக்கும் பெண்.

"ஆமாம்மா. ஒரு வாய் வரக்காப்பி மட்டும் குடிச்சேன். பால் இல்லை, சர்க்கரை இல்லை."

"அப்ப நாளைக்கு வந்துடுங்க."

"சர்க்கரையே போடாத காப்பியில எப்படிம்மா சர்க்கரை ஏறும்?"

அவள் பதில் சொல்லவில்லை. வரிசை வாசல் வரை நின்றது. ஆனால் பெரியவரின் கேள்வி நியாயமானது. பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 என்றால், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று அர்த்தம். பெருக்கிப் பாருங்கள்: மொத்த ரத்தத்துக்கும் 5 கிராம். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஓடும் சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு டீஸ்பூன்தான்! வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டு, மறுபரிசோதனையிலும் அப்படியே வந்தால் நீரிழிவு என்கிறார்கள். அதுவும் 6.3 கிராம்தான். நடுவில் இருப்பது ஒன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் மேல். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் காப்பியில், நம் ரத்தம் முழுவதிலும் இருப்பதைப் போல இரு மடங்கு இருக்கிறது. அதைக் குடித்தும் எண் 300க்குத் தாவாமல் இருப்பது இன்சுலின் செய்யும் வேலை.

சரி, வரக்காப்பிக்கு வருவோம். அதில் இல்லாத சர்க்கரை எங்கிருந்து வருகிறது? நம் கல்லீரலில் இருந்து. அது ஒரு குதிர். சுமார் 100 கிராம் அளவுக்குச் சர்க்கரையைக் கிளைக்கோஜனாக அடைத்து வைத்திருக்கிறது. இரவில் நாம் பட்டினி கிடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விடுகிறது. குதிரின் வாயை அகலத் திறக்கச் சொல்லும் ஹார்மோன்களில் ஒன்று அட்ரினலின். அதைக் கிளப்பிவிடுவது காஃபின்.

பகலெல்லாம் மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது போய் உட்கார வேண்டிய இருக்கைகள் நரம்புச் செல்களில் உண்டு. உட்கார்ந்தால் நமக்குச் சொக்கும். காஃபின் பார்க்க அடினோசின் மாதிரியே இருக்கும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அந்த இருக்கைகளைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் ஏறி வந்து நின்றுகொண்டே இருக்கிறது. தூக்கம் கலைவது இதனால்தான். இதே ஆட்டத்தில் அட்ரினலினும் ஏறுகிறது. கல்லீரல் சர்க்கரையை விடுகிறது. தசைகளோ இன்சுலின் கூப்பிடுவதைப் பாதிக் காதோடுதான் கேட்கின்றன. 2002இல் நெதர்லாந்தில் ஆரோக்கியமானவர்களுக்குக் காஃபினை ஊசியில் ஏற்றிப் பார்த்தபோது, இன்சுலினுக்கு உடம்பு இணங்குவது சுமார் 15 சதவீதம் குறைந்தது.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் காப்பிப் பழக்கம் உள்ள 10 நோயாளிகளின் தோலுக்கடியில் சென்சார் வைத்து, காலையும் மதியமும் 250 மில்லிகிராம் காஃபின் மாத்திரை கொடுத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. காலை உணவுக்குப் பின் சர்க்கரை 9 சதவீதம் கூடுதல், மதியம் 15, இரவு 26. பழகிய உடம்புதானே என்று காஃபின் விட்டுவைக்கவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அதே 2002, அதே நெதர்லாந்து. 17,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், தினம் ஏழு கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடித்தவர்களுக்கு நீரிழிவு வந்தது, இரண்டு அல்லது அதற்கும் குறைவாகக் குடித்தவர்களோடு ஒப்பிட்டால், பாதி அளவுதான். மணிக்கணக்கில் பார்த்தால் கெடுதல், வருடக்கணக்கில் பார்த்தால் நல்லதா? பிறகு வந்த ஆய்வுகளில் காஃபின் நீக்கிய காப்பிக்கும் இதே நற்பெயர் கிடைத்தது. ஆக, புண்ணியம் காஃபினுடையதாக இருக்க முடியாது. காப்பிக்கொட்டையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்றவற்றின் மேல்தான் சந்தேகம் போகிறது. சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. கூட்டத்தைப் பின்தொடரும் ஆய்வு இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதைக் காட்டுமே தவிர, ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று சொல்லாது. "காப்பி குடிச்சா சுகர் வராது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் சித்தப்பாக்கள் இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. டச்சுக்காரரின் கோப்பையும், கழுத்து வரை பாலும் சர்க்கரையும் ததும்பும் நம் டம்ளரும் ஒன்றல்ல என்பதையும்தான்.

எப்போது குடிக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் 2020இல் 29 பேரைச் சோதித்தார்கள். மணிக்கொரு தரம் எழுப்பித் தூக்கத்தைக் கெடுத்தபோது, காலையில் சர்க்கரைப் பானம் குடித்தபின் ஏறிய சர்க்கரையில் பெரிய மாற்றமில்லை. ஆனால் அந்தப் பானத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வரக்காப்பி கொடுத்தபோது ஏற்றம் ஏறத்தாழ 50 சதவீதம் கூடியது. எழுந்ததும் காப்பி, அப்புறம் நாலு இட்லி என்பது நம் வீட்டு வரிசை. ஆவியில் வெந்து பஞ்சான மாவு வயிற்றில் கரையவும் அதிக நேரம் எடுக்காது.

சாப்பாட்டிலும் வரிசை உண்டு. 2015இல் நியூயார்க்கில் நீரிழிவு உள்ள 11 பேரிடம், ரொட்டிக்கு முன்னால் காய்கறியும் கோழிக்கறியும் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 37 சதவீதம் குறைவு. அதே தட்டு, அதே உணவு, முன்பின் மட்டும் மாறியது. நம் இலையில் பொரியலும் கூட்டும்தான் முதலில் வந்து விழுகின்றன. நாமோ அவற்றைத் தொடாமல் சோற்றுக்காகக் காத்திருக்கிறோம்!

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோனார். என் முறை வந்தது.

"காப்பி, டீ எதுவும் குடிக்கலையே சார்?"

"இல்லை" என்று கையை நீட்டினேன். ஊசி இறங்கிய பிறகுதான் முந்தைய இரவு ஒன்பது மணி டம்ளர் ஞாபகம் வந்தது. உடம்பில் காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். புகைபிடிப்பவர்களுக்குச் சீக்கிரம், கர்ப்பிணிகளுக்கு வெகுநேரம். ஒன்பதிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஏழு. குழாயில் ஏறிக்கொண்டிருந்த ரத்தத்தில் அந்தக் காப்பியின் கால் பங்கு காஃபினும் இருந்திருக்கும்.